‘ஃபியூஸ்தானே’ என்கிறவர்களுக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது, ‘ஃபியூஸ்தாண்ணே போயிருக்கு’ என்ற பேச்சு. செட்டைத் தூக்கிவரும் மைக் செட்காரர் சொல்வது அது. மெக்கானிக் மறுப்பதில்லை, புது ஃபியூஸையும் எடுப்பதில்லை. ஃபியூஸ் மாற்றுவது இந்தத் தொழிலில் கடைசி வேலை, அதை முதலில் செய்கிறவர் செட்டை இன்னொரு முறை கொளுத்துகிறார் என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும்.

போன ஃபியூஸை மெக்கானிக் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் சற்றே கூடுதலான கரண்ட் நெடுநேரம் ஓடியிருக்கலாம். ஃபியூஸுக்கே வயதாகியும் இருக்கலாம். கண்ணாடி கறுத்திருந்தால் உள்ளே எங்கோ நேரடி ஷார்ட். மெயின் ஃபியூஸ் என்றால் பிரிட்ஜ் டயோடையும் டிரான்ஸ்ஃபார்மரையும் முதலில் சந்தேகிக்கிறார்; போர்டில் உள்ள பிளஸ், மைனஸ் ஃபியூஸ் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை. கெப்பாசிட்டர்களில் தங்கிய மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு (ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்கவிடும் கடைகளும் உண்டு), மல்டிமீட்டர் முனைகளை 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடிகளின் நடுக்காலிலும் ஓரக்காலிலும் வைத்தால் ஷார்ட் ஆனது ‘பீப்’ என்று கத்துகிறது. இதிலும் ஒரு வம்பு. பல ஜோடிகள் இணையாக இருக்கும் செட்டில் ஒன்று போனாலும் அந்தப் பக்கம் முழுவதும் கத்தும். ஒவ்வொன்றாக ஈயம் எடுத்துக் கழற்றினால்தான் கெட்டது எது என்று பிடிபடும். கூலி அந்த நேரத்துக்குத்தான்; சில ரூபாய் ஃபியூஸுக்கு இவ்வளவா என்று கேட்பவர் இதைப் பார்ப்பதில்லை.

கெட்ட டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகும் செட்டுக்கு நேராக 230 வோல்ட் கிடைப்பதில்லை. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரீஸ் போர்டில் செருகுகிறார்கள். பல்பு ஒருகணம் எரிந்து, கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே. பல்பு சூடேறியபின் முழு ஷார்ட்டிலும் அரை ஆம்பியர்கூடப் போகாது என்பதால் புது டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. எல்இடி பல்பு இதற்கு உதவாது. அதனால் பழைய குண்டு பல்புகளுக்கு இங்கே தனி மரியாதை.

சும்மாவே ஃபியூஸ் போவதில்லையா? போகும். டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சைப் போட்ட நொடியில் கரண்டை வாரி இழுக்கும்; ‘டி’ பொறித்த மெதுவகை ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்’ போட்டிருந்தால் பழுதே இல்லாமல் போய்விடும். அதையும் சீரீஸ் போர்டில் பார்த்துவிட்டுத்தான் நம்பவேண்டும். ஆடி மாதத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே பாட்டு நின்றால் ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்பு இழையைச் சுற்றித்தான் ஓட்டமுடியும் என்பது வலுவான வாதம். ஊர்க்காரர்களின் ஏச்சு எனக்கும் புரிகிறது. ஆனால் ஃபியூஸ் தடுக்காதபோது அடுத்து வேகப்போவது செட்டிலேயே விலைகூடிய டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம். பந்தலுக்குப் பக்கத்தில் நெருப்பும் வரலாம்.

பழுதுக்கு மூலம் செட்டுக்கு வெளியிலும் இருக்கும். கூட்டம் மிதித்து, தோல் உரிந்து, இரண்டு இழைகளும் தொட்டுக்கொண்ட ஒயர் ஒன்று போதும். விவரமான மெக்கானிக் பணத்தை வாங்கும் முன்பே கேட்டுவிடுகிறார்: “ஸ்பீக்கர் ஒயரைக் கொண்டாந்தியா தம்பி?”