செங்குன்றம் சாலையில் செம்பருத்தி

மாதவரம் தாண்டிச் செங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது அந்த நர்சரி. முகப்பில் பூத்த செடிகள். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே பச்சை நிழல்வலைக்கு அடியில் மூன்று பெண்கள் உட்கார்ந்து குச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

செம்பருத்திக்கு இங்கே விதை என்ற பேச்சே இல்லை. அடுக்குப் பூக்கள் விதை பிடிப்பது அரிது. பிடித்தாலும் அதிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது. ஆகவே எல்லாம் குச்சிதான். பென்சில் பருமனில், பாதி முற்றிய கிளையாகப் பார்த்துக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. அடியிலைகளை உருவிவிடுகிறார்கள், நுனியில் நிற்கும் இரண்டு இலைகளையும் பாதியாக நறுக்குகிறார்கள். “இலை முழுசா இருந்தா, வேரில்லாத குச்சி எங்கேருந்தும்மா தண்ணி குடுக்கும்?” என்றார் மூவரில் மூத்தவர். மற்ற இருவரும் அவரைப் பெரியக்கா என்கிறார்கள். வெட்டிய முனையை வேர்ப்பொடியில் தொட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் நட்டு, மேலே பாலித்தீன் கூடாரம் போட்டால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

உள்ளங்கையை விடப் பெரிதாக, பல நிறம் கலந்து பூக்கும் கலப்பினங்களுக்குத் தனி வரிசை. பார்வைக்கு ஆடம்பரம், வேரோ நோஞ்சான். அதனால் நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியின் தண்டில் ஒட்டுக் கட்டுகிறார்கள். பெரியக்கா தண்டின் தலையைச் சீவினார். நடுவே பிளந்தார். ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகினார். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் நாடாவைச் சுற்றினார். “மஞ்சப் பூ வாங்கிட்டுப் போனேன், இப்ப செவப்புல்ல பூக்குதுன்னு சண்டைக்கு வருவாங்க. ஒட்டுக்குக் கீழ வந்த துளிரக் கிள்ளாம விட்டிருப்பாங்க.” நாட்டுச்செடிக்கு வேகம் அதிகம். இடம் கொடுத்தால் ஒட்டை அமுக்கிவிட்டு மேலேறிவிடும்.

வீட்டுக்குப் போனதும் செடி ஏன் மொட்டை உதிர்க்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது. இங்கே நிழல்வலை, வீட்டிலோ நேரே மொட்டைமாடி வெயில். செம்பருத்திக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும்தான், ஆனால் ஓரிரு வாரம் அரைநிழலில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான். நார்க்கழிவு லேசானது, லாரியில் ஏற்ற வசதி. ஆனால் அதில் சத்தில்லை. இங்கே உரநீர் ஊற்றி ஈடுகட்டுகிறார்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். மேற்பரப்பை மட்டும் பார்த்துத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். செடி நிலைத்ததும் செம்மண், மணல், தொழு உரம் கலந்த தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீரில் செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். பலர் அப்போது டிஏபி உரத்தைப் போடுகிறார்கள். அதிலுள்ள மணிச்சத்து கூடினால் இரும்பு இன்னும் எட்டாமல் போகும். செம்பருத்தி கேட்பது சாம்பல்சத்து.

மாவுப்பூச்சியைப் பற்றிக் கேட்டதும் பெரியக்கா கத்தியைக் கீழே வைத்தார். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசெரோஃபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவிதான் அதைக் கட்டுப்படுத்தியது. கண்டபடி விஷம் தெளித்தால் முதலில் சாவது இதுபோன்ற குளவிகள். இங்கே தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மாலையில் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளிக்கிறார்கள். செடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார்க்கிறார்கள். மாவுப்பூச்சி விடும் தேன்கழிவுக்காக அதைக் காவல் காப்பது எறும்புதான்.

பை நிரப்புகிறவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி, ஒட்டுக் கட்டுகிறவருக்கு நாள் கூலி. செடியை விற்பது முகப்பில் இருக்கும் பையன். வாங்குகிறவர் சந்தேகம் கேட்பதும் அவனிடம்தான். அவன் ஒட்டுக் கட்டியதில்லை.

நான் வாங்க நினைத்தது ஆரஞ்சுப் பூவோடு நின்ற செடி. பெரியக்கா அதை ஒதுக்கிவிட்டு, ஒரு பூகூட இல்லாமல் அடியிலிருந்தே நான்கு கிளை விட்ட செடியை எடுத்து வந்தார். “இந்தப் பூவு நாளைக்கு வாடிடும்மா. புதுக்கிளை நுனியிலதான் செம்பருத்தி பூக்கும். கிளையப் பாத்து வாங்கு.” போகும்போது இன்னொன்றும் சொன்னார்: பூத்து ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும், மனசு கேட்காவிட்டாலும்.