ஒரு சொத்தைக் கடலை போதும்!

வேர்க்கடலை கொறிக்கும்போது திடீரென ஒன்று கசக்கும். 'தூ' எனத் துப்பிவிட்டு அடுத்ததை எடுப்போம். கசந்தால் தப்பித்தோம். கசக்காமலே உள்ளே போகிற விஷம் ஒன்று உண்டு. அதன் பெயர் அஃப்ளாடாக்சின். ஈரம் பட்ட கடலை, மக்காச்சோளம், தானியங்களில் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்குவது. நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம், தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கு. இந்த விஷம் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். நம் நாட்டிலும் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில், மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 100 பேருக்கு மேல் கல்லீரல் பாதிப்பால் இறந்தார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் ஓர் இளம் தாய். 8 மாதக் குழந்தையின் சத்துமாவுக்காக வாங்கி வைத்த கடலையில் மழை ஒழுகி, பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது.

"நல்லா வறுத்து அரைச்சா சரியாப் போயிடும்மா" என்றார் மாமியார்.

"வறுத்தா பூசணம்தான் சாகும் அத்தை. விஷம் முழுசாப் போகாது."

"காசு போட்டு வாங்குனதாச்சே... மாட்டுக்காவது வைக்கலாம்ல?"

"அந்தப் பாலைத்தானே நாளைக்குப் புள்ளைக்குக் காய்ச்சுவோம்?"

மாமியார் பேசவில்லை. அவரே முறத்தோடு எடுத்துப்போய்க் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். மருமகள் சொன்னது நிஜம். மாடு தின்ற அஃப்ளாடாக்சின், சற்றே உருமாறிப் பாலிலும் வரும்.

'லேப்ல கொடுத்துப் பார்த்தா தெரியாதா?' எனலாம். தெரியும். ஆனால், அதிலும் ஒரு சிக்கல். ஆயிரம் நல்ல கடலைக்கு நடுவே ஒரே ஒரு சொத்தையில் விஷம் குவிந்திருக்கும். மூட்டையில் ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளினால் அது அகப்படாமலே போகலாம். அதனால்தான் பல மூட்டைகளில், பல இடங்களில் எடுத்து, மொத்தமாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து பரிசோதிக்கிறார்கள். புற ஊதா ஒளியில் இந்த விஷம் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். அந்தக் குணத்தை வைத்தே கருவிகள் அளக்கின்றன. நிமிடங்களில் முடிவு காட்டும் பட்டைகளும் உண்டு. இந்தியாவில், மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கடலைக்கு அனுமதி, கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். தூள் உப்பின் ஒரு துகளைவிடக் குறைந்த எடை!

மூட்டைகளுக்கு லேப் இருக்கிறது. அடுக்களை டப்பாவுக்கு நம் கண்ணும் கையும்தான். சுருங்கிய, நிறம் மாறிய, உடைந்த பருப்புகளில்தான் விஷம் பெரும்பாலும் இருக்கும். அவற்றைப் பொறுக்கி எறியுங்கள். மழைக்காலத்தில் கொஞ்சமாக வாங்கி, ஈரம் படாமல் மூடி வையுங்கள். பூசணம் பிடித்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும்கூட!