விரல்களைத் தின்றது வினையோ?

திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் அந்நாளில் ஏறியோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். மேலே, கழுகுக்குச் சர்க்கரைப் பொங்கல். கீழே, படியோரத்தில், மடங்கிய கையை நீட்டியபடி விரலற்ற மனிதர்! பறவைக்கு விருந்து, மனிதனுக்குச் சில்லறைக் காசு. சிறுவராயிருந்த நாம் காரணம் கேட்டோம். முன்வினை என்றனர் முதியோர். நோய் சதையை அழுகவைத்து விரலை உதிர்க்கிறது என்றனர் சற்றே படித்தோர். இரண்டும் பொய்!

பொய்யென்று காட்டிய ஆராய்ச்சிக்கு வித்து விழுந்தது கடல் கடந்த நாட்டிலன்று, தோழர்களே. நமக்கு அண்மையில், செங்கற்பட்டை அடுத்த திருமணித் தொழுநோய் மருத்துவமனையில்.

பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். கிறித்தவ ஊழியரின் மகன். இங்கிலாந்தில் அவர் முதலில் பயின்றது கட்டட வேலை. பிறகே அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய திருமணிக்குச் சென்றார். கொக்கிபோல் வளைந்த கைகளைக் கண்டார். இவற்றைச் சீர்செய்வார் இல்லையா என்று கேட்டார். காக்ரேன் தோல் மருத்துவர். எலும்பு மருத்துவரோ அப்பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி இறுக்கச் சொன்னார் பிராண்ட். இறுக்கினார் அவர், மருத்துவர் துடித்துப் போனார்! செத்த கையென்று ஊரார் ஒதுக்கிய கையிலே இத்துணை வலிமையா? அந்த ஐயம் அவருடைய வாழ்வையே திசை திருப்பிற்று.

தொழுநோயாளியின் உடலில் கத்தி பட்டால் புண் ஆறாது என்பதே அன்றைய மருத்துவ உலகின் எண்ணம். 1948 முதல் வேலூரில், நல்ல தசையின் நாணை விரல்களுக்கு மாற்றித் தைத்தார். ஆறிற்று, மற்றவர்க்கு ஆறுவது போலவே! அப்படியாயின் விரல்கள் குறைவதேன்?

துருவேறிய பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திண்டாடியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனோ அறியவில்லை! கிருமி, நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி இல்லை. வலி இல்லாததால் காவலும் இல்லை. கொதிக்கும் பாத்திரமும், காலில் தைத்த முள்ளும் மீதியைச் செய்கின்றன. இரவோடிரவாக விரல் காணாமற் போன விந்தையும் உண்டு. காவலிருந்து பார்த்தபோது, தின்றது எலி! வினைக்குப் பரிகாரம் ஆயிரம் சொல்வர். எலிக்குப் பரிகாரம் பூனை. நோயாளிகளுக்குப் பூனை வழங்கப்பட்டது.

பிராண்ட் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கையாளர். அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் புண்ணின் காரணத்தை அவர் தேடியது புண்ணிலேதான்.

கால்புண் ஆற, பாதத்தைச் சுற்றி மாவுக்கட்டு. மீண்டும் வராதிருக்க, மெத்தென்ற ரப்பர் செருப்பு. 1966இல் அமெரிக்கா சென்றவர், நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் அம்முறையையே கையாண்டார். நம் வீட்டு நீரிழிவுக்காரர், இரவுதோறும் உள்ளங்காலைப் பார்க்குமாறு மருத்துவர் சொல்வது இதனாலன்றோ!

புண் சில வாரங்களில் ஆறியது. சட்டம்? நோயாளியை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதையே மணமுறிவுக்குக் காரணமாக்கிய விதி ஒழிந்தது 2019இல். பிராண்ட் மறைந்தது 2003இல்.