பூத்த வயலைத் தேடி

இளவேனில் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் பயின்றோர் நெஞ்சில் ஒரு மலர்க்காடு விரியும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் சொல்வதை ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இவற்றுள் எத்தனை மலர்களைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள்?" என்று பணிவோடு வினவினார். எண்ணிப் பார்த்தேன்; இரு கை விரல்களுக்கு மேல் எண்ணிக்கை செல்லவில்லை. அந்த நாணத்தின் விளைவே எங்கள் பயணம்.

கடந்த சித்திரையில் ஒருநாள், வைகறைத் தொழுகை முடிந்ததும், மாணவர் பன்னிருவருடன் தாம்பரத்திலிருந்து வேனில் புறப்பட்டேன். வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியே சென்று, ஊத்துக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றை அடைந்தபோது மணி எட்டு. மல்லிகை மிகுதியாகப் பூக்கும் பருவம் அது. வெண்பட்டு விரித்தாற்போல் வயல் இருக்கும் என்று வழியெல்லாம் மாணவர்களுக்கு வருணித்து வந்தேன். கண்டதோ வெறும் பச்சைச் செடிகள். தேடிப் பார்த்தும் வெண்மை தென்படவில்லை.

வரப்பில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களை நோக்கிச் சிரித்தார். வயலுக்கு உரியவர் அவரே.

"பூ பாக்க வந்தீங்களா சார்? பூத்துச்சுன்னா எங்க பொழப்பு போச்சு. மொக்குலயே பறிச்சுடணும்."

இரவு மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கத் தொடங்கி, விடியுமுன் மூட்டை கட்டிக் கோயம்பேட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காலையில் பறித்த மொட்டு அன்று மாலை நகரத்தில் விரியவேண்டும். வயலிலேயே விரிந்துவிட்டால் வாங்குவார் இல்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு நிலைகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். மொட்டுக்கும் மலருக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் உணவு இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"வயல் முழுதும் பூத்ததே இல்லையா, அம்மா?" என்று ஒரு மாணவர் கேட்டார். மூதாட்டியின் முகம் வாடியது.

"ஏன் இல்ல கண்ணு? கொரோனா வருசத்துல பூத்துச்சு. அப்படி ஒரு வெள்ளை. பாக்கத்தான் ஆளில்ல. செடி கெட்டுடக் கூடாதுன்னு பறிச்சுப் பறிச்சு இந்த வரப்புலதான் கொட்டினோம்."

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கோயில்களும் பள்ளிவாசல்களும் தர்காக்களும் அடைபட்டன. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு அங்காடியும் மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் என் தங்கை மகளின் நிக்காஹ் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மணமகனுக்கு மாலை இல்லை. மணமகள் கூந்தலுக்கு ஒரு முழம் மல்லிகையும் கிடைக்கவில்லை. "பூவில்லாத கல்யாணமாப் போச்சே!" என்று என் தாயார் கண்கலங்கினார். நானோ, எளிமையின் சிறப்பை எடுத்துக்கூறி அவரைத் தேற்றினேன். பிறரிடமும் பெருமையாகப் பேசினேன். எளிமை நன்றே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எங்கள் கூடத்துக்கு வராத பூ எங்கே போயிற்று என்று ஒருமுறையேனும் நான் எண்ணியதில்லை. அது இந்த வரப்பில் கொட்டிக் கிடந்திருக்கிறது.

விடைபெறும்போது மூதாட்டி, பறிப்பில் தப்பி விரிந்திருந்த நான்கைந்து பூக்களைத் தேடிப் பறித்து என் கையில் வைத்து, "வூட்ல அம்மாவுக்குக் குடுங்க சார்" என்றார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

அந்தி மயங்கும் வேளையில் தாம்பரம் திரும்பினோம். புகைவண்டி நிலையத்து வாயிலில் பூக்காரப் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். கூடைகளில் மொட்டுகள் மெல்ல இதழ் விரிக்கத் தொடங்கியிருந்தன. அலுவலகம் விட்டு வந்த மகளிர் வாங்கிச் சூடிக்கொண்டு விரைந்தனர். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் தேடிச் சென்ற பூத்த வயல், மாலைதோறும் எங்கள் ஊரிலேயே பூத்துக்கொண்டிருக்கிறது.

தாயாருக்காக இரண்டு முழம் வாங்கினேன். வழக்கமாகப் பேரம் பேசுகிறவன், அன்று விலை கேட்டதும் வாய்திறவாமல் பணத்தை எடுத்து நீட்டினேன்.