மூன்று ஜா, ஒரு சுருள்

பண்ருட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பலாவும் முந்திரியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு லேத் பட்டறைகளும் வரும். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். சுற்றுவட்டார வயல்களிலும் போர்வெல்தான். பம்ப் ஓடினால் ஷாஃப்ட் தேயும். தேய்ந்தது லேத்துக்கு வந்து சேரும். அங்கே ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டு சுற்றும் மூன்று ஜா (தாடை) சக் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கேட்டது பட்டறைக்கார அண்ணனிடம். "வெட்டுறது டூல்தான் தம்பி. ஆனா சைஸ் வர்றது பிடியிலதான் இருக்கு" என்றவர், ஜாக்களை உருவி மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருந்தது. உள்ளே ஒரு வட்டத் தட்டு, அதன் முகத்தில் சுருள் பள்ளம். சாவியைத் திருகினால் தட்டு சுழலும். பள்ளத்தில் பல் பதித்த மூன்று ஜாவும் ஒரே அளவு உள்ளே நகரும். சுற்றுக்குச் சுற்று மாறாத இடைவெளியில் விரியும் இந்த வளைவை ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார். ஒரு ஜாவிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் சுருள் அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு விலகிவிடும். அதனால் பற்களையும் அதே அளவு தள்ளி வெட்டியிருக்கிறார்கள். எண் மாற்றிப் போட்டால் ஜாப், அதாவது கடையும் உருப்படி, நடுவில் நிற்காது.

இந்தச் சுருளை சக்குக்குள் கொண்டுவந்த கதை என்னை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு இட்டுச் சென்றது. சைமன் ஃபேர்மன் 1840-ல் காப்புரிமை பெற்றார். அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மன் அதை மேம்படுத்தி, பட்டறைகள்தோறும் பரவச் செய்தார். துளை போடும் ட்ரில்லைப் பிடிக்கும் ட்ரில் சக்கின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்பேனரால் முடுக்கும் பழைய சக்கில் கை முட்டி அடிபட்ட ஆர்தர் ஜேக்கப்ஸ், 1902-ல் சாவியால் இறுக்கும் சக்கை உருவாக்கினார். இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. லேத் செய்தவர்களைப் பாடப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. ஃபேர்மனுக்கும் அங்கே ஒரு பக்கம் தர வேண்டும் என்பேன். சென்னையின் கிண்டி மெஷின் டூல்ஸ் போன்ற கம்பெனிகள் இங்கேயே சக் செய்வதையும் அந்தப் பக்கத்தில் சேர்க்கலாம்.

சுருளுக்கும் ஒரு குறை உண்டு. நடுவிலிருந்து விலக விலக அதன் வளைவு மாறும்; ஜாவின் பல்லோ மாறாது. எல்லா இடத்திலும் முழுதாகப் பொருந்தாததால் நாளடைவில் தேய்மானம் வந்து, ஜாப் ஆடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுத்தம் வேண்டுமென்றால் நாலு ஜா சக்கில் மாட்டி, ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு ஜாவாகத் தனித்தனியே சரிசெய்ய வேண்டும்.

ஒரே அளவில் பல உருப்படி என்றால் அண்ணன் சாஃப்ட் ஜா போடுகிறார். பதப்படுத்தாத இரும்பு அது. நடுவில் ஒரு வளையத்தைக் கவ்வவைத்து இறுக்கி, அந்த இறுக்கத்திலேயே ஜாக்களின் உள்முகத்தை ஜாபின் அளவுக்குக் கடைகிறார். இறுக்காமல் கடைந்தால் பள்ளத்துக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள லூஸ் அப்படியே அளவில் ஏறிவிடும். வளையத்தை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பிடித்தார். டயல் முள் அரைக் கோடுகூட நகரவில்லை. ஜாவைக் கழற்றி மாட்டினாலோ, வேறு அளவு ஷாஃப்ட் வந்தாலோ, மறுபடியும் கடைய வேண்டியதுதான்.