இறக்கத்தில் ஒரு டிராலி

“அப்படி ஒண்ணு நடக்கவே இல்லளா” என்றார் பெரியப்பா. இரண்டாவது முறையாக.

செங்கோட்டையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஆனிச் சாரல் ஓட்டில் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. அவருக்கு 91 வயது. சொந்தமில்லை, ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. அப்பாவும் அவரும் ஒரே டிராலியைத் தள்ளியவர்கள். தண்டவாளத்தைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்க, ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ளுவார்கள். இறக்கம் வந்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். அப்புறம் தள்ள வேண்டாம். மலையே தள்ளிவிடும்.

நான் கேட்டது ஒன்றுதான். எனக்கு 7 வயது இருக்கும்போது, பகவதிபுரத்திலிருந்து செங்கோட்டைக்கு இறங்கும் வழியில், அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு அந்த டிராலியில் வந்தாரா, இல்லையா?

“இன்ஸ்பெக்டர் இல்லாம டிராலி நகராது. வெளியாள ஏத்தக் கூடாது. ரூலு அது.”

“நான் வெளியாளா பெரியப்பா?”

“டிராலிக்கு எல்லாரும் வெளியாளுதான்.”

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவள் என் மகள். நியூ ஜெர்சியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னைக் கோனி ஐலண்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே சைக்ளோன் இருக்கிறது. 1927-இல் திறந்த மரப்பாதை ரோலர் கோஸ்டர். சங்கிலி நம்மை 85 அடி உயரத்துக்கு இழுத்துப் போய், ஏறக்குறைய 58 டிகிரி சரிவில் விட்டுவிடும். மொத்தப் பயணம் 1 நிமிடம் 50 விநாடி. முதல் இறக்கத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிறது. மடியை அழுத்தும் கம்பிதான் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் எனக்கு எடை இல்லை, முழங்கால் வலியும் இல்லை. மூன்று முறை ஏறினேன். மகள் ஒரு முறையோடு போதும் என்று கீழே நின்றுகொண்டாள்.

“இந்தக் கிறுக்கு உனக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்றாள் நான் இறங்கி வந்ததும். கூடவே இன்னொன்றும் கேட்டாள். “எல்லாரும் கீழ விழறப்பதான் கண்ண மூடுவாங்க. நீ விழறப்ப முழிச்சுப் பாத்துட்டு, கடைசியில பிரேக் போடறப்ப மூடிக்கிற. மொத ரவுண்டுலயே பாத்தேன். ஏம்மா?”

நான் கண்ணை மூடுகிறேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு 67 வயது. குற்றாலச் சீசன் ராட்டினத்தில் தொடங்கி, தீவுத்திடல் பொருட்காட்சியின் கொலம்பஸ், கிஷ்கிந்தா என்று எங்கே எது உயரத்தில் சுற்றினாலும் ஏறியிருக்கிறேன். போன வருஷம் ஒரு பூங்காவில், வரிசையில் என் முறை வந்ததும், அங்கிருந்த பையன் கையைக் குறுக்கே நீட்டி, “ஆச்சி, நீங்க பெஞ்சுல உக்காருங்க” என்றான். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, முதுகுத்தண்டில் குறையில்லை, அறிவிப்புப் பலகையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நிற்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, தெரிந்தவர்கள் அன்பாகச் சொல்லும் விளக்கம்: “சின்ன வயசுல அனுபவிக்கல, இப்ப அனுபவிக்கிறீங்க.” சின்ன வயதில் நான் அனுபவிக்கவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? என் சின்ன வயதில் ஒரு டிராலி இருந்தது. அதை நிரூபிக்கத்தான் ஆள் இல்லை. அப்பா போய் 22 வருஷம் ஆகிறது. அம்மாவிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

அதனால் முதலில் மற்ற கதையைத் தேடினேன். ரோலர் கோஸ்டர் எங்கிருந்து வந்தது?

எங்கே பார்த்தாலும் ஒரே பெயர்: லாமார்கஸ் தாம்சன். காலுறை வியாபாரத்தில் சம்பாதித்த அமெரிக்கர். 1884-இல் கோனி ஐலண்டில், கடலோரத்தில், 600 அடி நீளத்துக்கு மரத்தால் மேடும் பள்ளமுமாக ஒரு பாதை போட்டார். கோபுரத்தில் படியேறிப் போக வேண்டும். பெஞ்சு வைத்த வண்டி மெல்ல உருண்டு அடுத்த கோபுரம் வரை போகும். பணியாள்கள் வண்டியைப் பக்கத்துப் பாதைக்கு மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். கட்டணம் 5 சென்ட்.

அதற்கு முன்னால் ரஷ்யா என்பார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குளிர்காலத்தில் மரச்சாரம் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றி உறைய வைத்த பனிச்சரிவுகள். 70, 80 அடி உயரம். கேத்தரின் மகாராணி கோடையிலும் வேண்டும் என்று ஓரானியன்பாமில் சக்கர வண்டிகள் ஓடும் சரிவு கட்டுவித்தார். 1817-இல் பாரிஸ்காரர்கள், சக்கரம் தடத்தை விட்டு விலகாதபடி பூட்டிய வண்டிகளை ஓட்டினார்கள். இன்றுவரை பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகளில் ரோலர் கோஸ்டருக்கு ‘ரஷ்ய மலை’ என்றுதான் பெயர். ரஷ்யர்களோ அதை ‘அமெரிக்க மலை’ என்கிறார்கள். எங்களுடையது என்று யாரும் சொல்லிக்கொள்ளாத பொருள் அது என்று தெரிந்தபோது எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

ஆனால் ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. தாம்சன் தன் விளையாட்டுக்கு வைத்த பெயர் ‘ஸ்விட்ச்பேக் ரயில்வே’. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அது காதில் விழுந்த மாத்திரத்தில் தெரியும்: ஸ்விட்ச்பேக் மலைப்பாதைச் சொல். ஒரு சரிவில் இறங்கி, நின்று, பாதை மாறி, வந்த முகத்துக்கு எதிர்முகமாக அடுத்த சரிவில் இறங்குவது. கடற்கரை விளையாட்டுக்கு மலை ரயிலின் சொல் எதற்கு?

அந்தச் சொல்தான் என்னைப் பென்சில்வேனியாவுக்கு இழுத்துப் போனது. மகளும் மருமகனும் காரில் கூட்டிப் போனார்கள். ஊருக்கு இப்போது ஜிம் தோர்ப் என்று பெயர். 1954 வரை மாச் சங்க். 1827-இல் அங்கே சம்மிட் ஹில் சுரங்கத்திலிருந்து லீஹை ஆற்றுக்கு நிலக்கரி இறக்க 9 மைலுக்குத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டிகள் தாமாகவே உருண்டு அரை மணியில் கீழே வந்துவிடும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பின்னாளில் நீராவி எஞ்சின் வைத்து வண்டியை மேலே இழுத்தார்கள். 1870-களில் நிலக்கரி வேறு வழியில் போகத் தொடங்கியதும், அந்தப் பாதை முழுக்க முழுக்க உல்லாசப் பயணிகளுக்கு என்று ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் இறக்கத்துக்காகவே காசு கொடுத்து ஏறினார்கள். தாம்சனுக்கு யோசனை அங்கிருந்துதான் வந்தது என்கிறார்கள்.

1930-களில் அதை மூடித் தண்டவாளத்தைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். நான் போனபோது இருந்தது காட்டுக்குள் ஒரு நடைபாதை. சருகு, ஈர மண், ஒரே சீரான சரிவு. அந்தச் சரிவில் கொஞ்ச தூரம் நடந்தேன். கால் தானாக முன்னால் போனது. பகவதிபுரத்துச் சரிவும் இப்படித்தான் என்று மனசு சொன்னது. ஆனால் மனசு சொல்வதைச் சாட்சி என்று யாரிடம் காட்டுவது?

அங்கே கிடைத்த ஒரு விஷயத்தை மட்டும் முடிச்சுப் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன்.

பெரியப்பாவிடம் நான் போனது மொத்தம் மூன்று முறை. முதல் முறை, அப்பாவின் பழைய புகைப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். தலைப்பாகையைச் சரியாகக் கட்டத் தெரியாதவன் என்று அப்பாவைத் திட்டிவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறை, நான் நினைவில் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். காற்று காதில் இரைந்தது. மரங்கள் பின்னால் பறந்தன. வயிறு தொண்டைக்கு வந்தது. “சினிமாவுல பாத்திருப்ப” என்றார். ரூல் என்றார். பென்ஷன் வாங்கித் திங்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்றார். வயதானவரை இதற்கு மேல் குடைவது முறையில்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று ராத்திரி முதன்முதலாக எனக்கே சந்தேகம் வந்தது. அறுபது வருஷமாக நான் சொந்தம் கொண்டாடிய இறக்கம், நானாகக் கட்டிக்கொண்டதா?

மூன்றாவது முறை போனபோது கேள்வி எதுவும் எடுத்துப் போகவில்லை. ஓமப்பொடி வாங்கிப் போனேன். பேச்சுக்கு நடுவே அமெரிக்காவில் பார்த்ததைச் சொன்னேன். நிலக்கரி மலை, எஞ்சின் இல்லாத வண்டி. டிராலிக்காரர் அல்லவா, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிரேக் யார் கையில், எத்தனை வண்டிக்கு ஓர் ஆள் என்று குறுக்குக் கேள்வி போட்டார். அப்போதுதான் அந்த முடிச்சை அவிழ்த்தேன்.

கழுதைகள் காலி வண்டியை மேலே இழுத்துப் போன பிறகு, கீழே வர வேண்டுமே? அதற்காக அவற்றுக்கென்றே தனி வண்டி வைத்து, தீவனமும் போட்டு, நிலக்கரி வண்டிகளுக்குப் பின்னால் கட்டி உருட்டிவிட்டார்கள். இரண்டொரு தடவை அப்படி வந்த கழுதைகள், அப்புறம் என்ன அடித்தாலும் கீழே நடந்து வர மறுத்துவிட்டன. ஏற்றத்தில் இழுக்கும், இறக்கத்தில் வண்டி வேண்டும்.

பெரியப்பா சிரித்தார். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. தோள் குலுங்கியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நீயும் அப்படித்தானளா பண்ணுன. அடுத்த வாட்டி ரயில்ல போயிருவோம்னு உங்கப்பன் சொன்னதுக்கு, பகவதிபுரம் பிளாட்பாரத்துல உருண்டுல்லா அழுத.”

திண்ணையில் சாரல் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. ஓமப்பொடித் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“சரி. அவனும் இல்ல. அந்த மீட்டர்கேஜும் இல்ல. யாரு கேக்கப்போறா” என்றார். “எழுதுறதுன்னா எழுதிக்கோ. எம்பேரு வேண்டாம்.”

2010-இல் அந்தப் பாதையை மூடி, அகலப்பாதை போட்டு, 2018-இல் திறந்தார்கள். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் தண்டவாளத்தில்தான் நான் இறங்கியிருக்கிறேன். நடந்திருக்கிறது. நான் கட்டிக்கொண்டதில்லை.

“என்ன வேகம் பெரியப்பா, அம்மாடி!” என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“வேகமா? நடந்து வந்தா முந்திரலாம். நீ மடியில இருந்தா உங்கப்பன் பிரேக்குக் கட்டையில வச்ச கைய எடுக்கவே மாட்டான். நான் பின்னால நின்னுக்கிட்டு ‘விடுலே, விடுலே’ம்பேன். விட மாட்டான். கட்ட தீஞ்ச வாடை செங்கோட்டை வரைக்கும் வரும்.”

நான் தேடிப் போனது வேகத்தை. கிடைத்தது அந்த வாடை. பெரியப்பா சொன்ன கணமே அது மூக்கில் ஏறியது: சூடேறிய மரம், இரும்பு, அப்பாவின் காக்கிச் சட்டையில் எண்ணெய் வியர்வை. பறந்த மரங்களும் இரைந்த காற்றும் ஏழு வயதுப் பிள்ளையின் கணக்கு. தாம்சனின் வண்டியும் மணிக்கு 6 மைல்தான் போனது, ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அதற்குத்தான் நியூயார்க் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கீழே இழுப்பது மலை. விடாமல் பிடித்திருப்பது ஒரு மனிதனின் கை. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த இன்பம் என்று இப்போது நினைக்கிறேன். கழுதைகளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-இல் தொடங்கிய மரப்பாதை ரோலர் கோஸ்டர் ஒன்று உண்டு. இன்றைக்கும் அதில் பயணிகளுக்கு நடுவே ஒருவர் நின்றுகொண்டு, கையால் பிரேக் பிடித்தபடியே கூட வருகிறார். கோபன்ஹேகன் டிவோலியில் 1914-இல் கட்டியதிலும் அப்படித்தான். இந்த இரண்டிலும் ஏறிவிட வேண்டும். அந்தக் கைகளை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அங்கே காலை நேரம். டிராலி, பிளாட்பாரத்து அழுகை, தீய்ந்த கட்டை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப, கடைசியில ஏன் கண்ண மூடுறன்னு தெரிஞ்சிருச்சா?” என்றாள்.

“பிரேக் பிடிச்சதும் ஊரு வந்துரும்டி” என்றேன். “அப்பா தூங்குறியான்னு கேப்பாரு. தூங்குற மாதிரி இருந்தா எறக்கி விடாம, தூக்கிக்கிட்டே வீட்டுக்கு வருவாரு.”