வட்டத்துக்குள் ஒரு கோடா, இரண்டு கோடா?

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள், நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீண்டு நிற்கும் டிரெய்லர் லாரிகள். சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001-லிருந்து எண்ணூரிலும் துறைமுகம். நாற்பதடிப் பெட்டியைச் சுமக்கும் அந்த வண்டிகளோடுதான் எங்கள் குடித்தனம் நடக்கிறது.

போன பௌர்ணமிக்கு, திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்க கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். (2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது, இருந்தாலும் அவளுக்கு ஊரைப் பார்த்துக்கொண்டு ஆட்டோவில்தான் போகணும்!) வழியெல்லாம் கேள்வி.

"அண்ணி, அந்த நீல வட்டத்திலே சிவப்பா கோடு போட்டிருக்கே, அது என்ன?"

நம்மில் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. சிவப்பு விளிம்பு போட்ட நீல வட்டத்தில் குறுக்கே ஒரே கோடு இருந்தால், வண்டியை அங்கே நிறுத்தி வைக்கக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடலாம். பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் இருந்தால் நிற்கவே கூடாது, ஆளை இறக்குவதற்குக்கூட. நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசலாம், திண்ணையில் உட்காராதே என்பது ஒற்றைக் கோடு. வாசலிலேயே நிற்காதே என்பது இரட்டைக் கோடு. வட்டத்துக்குக் கீழே சின்னப் பலகையில் அம்புக்குறியோ நேரமோ எழுதியிருந்தால் அதையும் பார்க்கணும். எதுவரைக்கும், எத்தனை மணிவரைக்கும் என்பது அதில்தான் இருக்கும்.

பலகையே இல்லாவிட்டாலும் பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், சாலைத் திருப்பம் இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்பது விதி. இப்போது முதல் தடவைக்கே 500 ரூபாய் அபராதம். தடை செய்த இடத்தில் நின்றாலோ, கேட்பாரற்று 10 மணி நேரம் பொது இடத்தில் கிடந்தாலோ, சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் வண்டியை இழுத்துப்போகச் சொல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடச் செய்யலாம். செலவு வண்டிக்காரர் தலையில்.

இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று ஒதுக்காதீர்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு டிரெய்லர் நின்றால் பஸ் நடுச்சாலையில்தான் நிற்கும். பையும் பிள்ளையுமாக இறங்குகிறவள் லாரியின் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அவள் தெரியவே மாட்டாள்.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ராத்திரி இடுப்பு வலி கண்டது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கிளம்பினால், எங்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர். சரியாக அந்த இரட்டைக் கோட்டுப் பலகைக்கு அடியில்! டிரைவரைக் காணோம். கொட்டுகிற மழையில் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக மெயின் ரோடு வரை நடத்திக்கொண்டுபோய் வேறு ஆட்டோ பிடித்தோம். விடியற்காலை பெண் குழந்தை, இருவரும் சுகம். அவள் அம்மாவின் கை நடுக்கம் நிற்க இரண்டு நாளாயிற்று.

அந்த டிரைவர்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு, பரிதாபமும் உண்டு. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை அவர்களும் எங்கேதான் போவார்கள்? குளிக்க இடமில்லை, சமைக்க இடமில்லை. ஒருநாள் மத்தியானம் குடத்தில் தண்ணீர் கேட்டு வந்தார் ஒருவர், சேலம் பக்கத்துக்காரர். கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் தம்பி, பஸ் நிக்கிற இடத்திலே போட்டிருக்கீங்களே?"

"வரிசையை விட்டா மறுபடி கடைசியிலேதான் நிக்கணும்க்கா" என்றார். ஆனால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய், வண்டியைப் பஸ் நிறுத்தம் தாண்டி முன்னால் நகர்த்திப் போட்டுவிட்டு வந்துதான் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார்.